நாற்பத்தோராம் உருண்டை

கோடைமேடு எஸ்டேட்,
பிக்கட்டி அஞ்சல்.
3.2.2002

அன்புள்ள ஜினோவுக்கு,

நீ திருப்பூர் போய் இரண்டு வாரம் ஆகிறது. இதற்கு முன்னால் எழுதிய இரண்டு கடிதங்களை அடுப்பில் போட்டுவிட்டேன். ஒன்று உன்னோடு சண்டை போட்டது. இன்னொன்று மன்னிப்புக் கேட்டது. மன்னிப்புக் கேட்க நான் ஒன்றும் செய்யவில்லை என்று தோன்றியதும் அதையும் போட்டேன்.

உன் முகவரியை ஆறுக்குட்டி அண்ணன் கொடுத்தார். அவருடைய மருமகனும் உன் அறையில்தான் இருக்கிறாராமே. "மலையில இருந்து போன அஞ்சு பேரு ஒரே ரூம்புல கெடக்கறாங்க, பிலோமி. ஒருத்தன் பொரண்டா அஞ்சு பேரும் பொரளோணும்" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. சாப்பாடு எங்கே, அதை மட்டுமாவது எழுது.

இங்கே ஃபாக்டரி திறக்கிற வழியைக் காணோம். தேயிலை விலை விழுந்த கதையை ரேடியோவில் தினமும் சொல்கிறார்கள். அப்பா தினமும் புதிதாகக் கேட்பதுபோல் கேட்கிறார். நாலாம் நம்பர் காட்டில் கொழுந்து எடுக்காமல் விட்டு ஒரு வருடம் முடிந்துவிட்டது. செடியெல்லாம் ஆள் உயரத்துக்கு மேல் போய் மரமாக நிற்கிறது. உள்ளே நரி குட்டி போட்டிருக்கிறது. மனிதர்கள் விட்ட இடத்தை அவை எடுத்துக்கொள்கின்றன, அவ்வளவுதான்.

காலையில் பேர் கூப்பிடுகிற மஸ்டர் கொட்டகை முன்னால் நின்று நீ சொன்னதை அப்படியே எழுதுகிறேன். நீயே படித்துப் பார். "இவ வெச்ச உருண்டையத் தின்னுதான் பீமன் செத்தான். இன்னிக்கு என்ற நாயி, நாளைக்கு உங்க ஊட்டுக் கொழந்த." நாய் செத்த துக்கத்தில் சொன்னாய் என்று ஒரு வாரம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆனால் கேட்டவர்கள் துக்கத்தில் இல்லையே. மறுநாள் காலையில், உருண்டை வைக்கிற இடங்களில் நாங்கள் எண் போட்டு நட்ட அறுபது குச்சிகளில் பதினொன்றைப் பிடுங்கி எறிந்திருந்தார்கள். பக்கத்து வீட்டு மூக்கம்மாக்கா என்னைக் கண்டால், "வாம்மா, இன்னிக்கு யாருக்கு விருந்து?" என்கிறார்.

ஒரே ஒரு தடவை பொறுமையாகச் சொல்கிறேன். அது மீன் மாவும் கொழுப்பும் சேர்த்துப் பிடித்த உருண்டை. நடுவில் சின்னப் பிளாஸ்டிக் உறை, அதற்குள் வெறிநோய்க்குத் தடுப்பு மருந்து. நரியை வரிசையில் நிற்கவைத்து ஊசி போட முடியாது. அதனால் அதுவே கடித்துத் தின்னட்டும் என்று காட்டோரத்தில் வைக்கிறோம். உறை உடைந்து மருந்து நாக்கில் பட்டால் போதும். சாயங்காலம் வைத்துவிட்டு, காலையில் மிச்சத்தைப் பொறுக்குகிறோம். சுற்றிலும் சலித்த அடுப்புச் சாம்பல் தூவுவது எது வந்து தின்றது என்று தடம் பார்த்து நோட்டில் எழுத. இதில் சாகடிப்பதற்கு ஒன்றும் இல்லை. நாய் தின்றாலும் அதற்கு நல்லதுதான் என்கிறார் டாக்டர் வசந்த்குமார். திட்டத்தை நடத்துகிற கால்நடை டாக்டர் அவர், குன்னூரிலிருந்து வருகிறார். நம் வீட்டைச் சுற்றி வைத்த எதையும் நாய் தின்றதாக என் நோட்டில் இல்லை. என்னோடு நடக்கிற பழைய காவல்காரர் தங்கவேலு அண்ணன் அதற்குச் சாட்சி.

இன்னொன்று. உருண்டை வைப்பதற்கு முன்னால் வீட்டு நாய்களுக்கு ஊசி முகாம் நடந்தது. பீமனைக் கூட்டி வராதவன் நீ. ஃபாக்டரி மேல்மாடியில், இலை வாட்டும் தட்டுக்கு அடியில் அவனைக் கட்டி வாயைத் துணியால் சுற்றி ஒளித்தாய் என்று அப்புறம்தான் தெரிந்தது. ஊசி போட்டால் மோப்பம் போய்விடும், பிறகு இத்தலாரில் கேரட் காட்டுக் காவலுக்கு உங்கள் இருவரையும் யார் கூப்பிடுவார்கள் என்று பயந்தாய். எனக்கு அது புரிகிறது. ஆனால் அதை மறைத்துவிட்டு என்னைக் கை காட்டினாய்.

பீமன் எப்படிச் செத்தான் என்று டாக்டர் கேட்கிறார். நான் அந்த நான்கு நாளும் குன்னூரில் பயிற்சியில் இருந்தேன். திரும்பி வந்தபோது பீமன் இல்லை, உன் முகமும் முகமாக இல்லை. என்ன ஆயிற்று அவனுக்கு? எழுது.

பிலோமி

*

திருப்பூர்
9.2.2002

அக்காவுக்கு,

கடுதாசி வந்துது. டீச்சராப் போயிருக்கலாம் நீ. தப்பு மட்டும் அடுத்தவன் நோட்டுலதான் இருக்கும்.

சாப்பாடு கம்பெனிக்கு எதுத்தாப்ல ஒரு மெஸ்ஸுல. நல்லாத்தான் இருக்குது. கட்டிங் டேபிள்ல துணி விரிக்கற வேலை. நாள் பூரா வெள்ளத் துணி. கண்ண மூடுனாலும் வெள்ளையாத்தான் தெரியுது.

பீமன் எப்படிச் செத்தான்னு உன்ற டாக்டருக்கு ஒரு பேப்பர்ல எழுதிக் குடு. பொங்கலன்னிக்கு அவன் சோறு திங்கல. அடுத்த நாளு கொரலு மாறிப்போச்சு. கொலைக்கறான், ஆனா அது அவன் கொரலு இல்ல. தொண்டையில என்னமோ மாட்டுன மாதிரி. வாயி மூட முடியல. எச்சி ஒழுகிட்டே இருக்குது. தண்ணிக்கிட்டப் போறான், நாக்க உடறான், முழுங்க முடியல. அப்பத்தான் எனக்குத் தெரிஞ்சுது, உன்ற உருண்டதான் தொண்டையில அடச்சிருக்குதுன்னு. பதினாறாந் தேதி அவன மடியில போட்டு, தாடையப் புடிச்சு, வாயிக்குள்ள கைய உட்டு எடுத்துப்போடலாம்னு பாத்தேன். பல்லு பட்டு வெரல்ல கீறிப்போச்சு. அடுத்த நாளு காத்தால செத்துக் கெடந்தான்.

பத்தாததுக்கு நீ குன்னூர்ல இருந்து வந்து, ஊட்டுப் பின்னால நான் குச்சியப் புடுங்கியெறிஞ்ச எடத்தப் பாத்துட்டு, மொதக் கேள்வி என்ன கேட்ட, ஞாபகம் இருக்குதா? "இங்க நட்டிருந்த குச்சி எங்கே?"

இனி எழுதாத.

ஜினோ

*

கோடைமேடு
12.2.2002

ஜினோ,

சண்டையை நிறுத்திவைக்கிறேன். இதைப் படித்ததும் எழுந்து ஆஸ்பத்திரிக்குப் போ. நாளைக்கு என்று தள்ளாதே.

குரல் மாறுவது, வாய் மூட முடியாமல் எச்சில் ஒழுகுவது, தண்ணீர் விழுங்க முடியாதது. டாக்டர் உன் வரிகளை இரண்டு முறை படித்தார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். "தொண்டையில் எலும்பு மாட்டிவிட்டது என்று நினைத்துத்தான் எல்லோரும் கையை விடுகிறார்கள்" என்றார். எல்லோரும் என்று அவர் சொன்னது எனக்குக் காதிலேயே நிற்கிறது. பீமனுக்கு வெறிநோய் இருந்திருக்க வேண்டும் என்கிறார். உன் விரலில் கீறல். அதில் அவனுடைய எச்சில்.

கீறல் ஆறியிருக்கும். ஆறியது ஒரு பொருட்டே இல்லை. நோய் வர ஒரு மாதம் ஆகலாம், மூன்று மாதம் ஆகலாம். வந்துவிட்டால் மருந்து இல்லை. வருவதற்கு முன்னால் ஊசி போட்டால் வராது. இன்று இருபத்தேழாம் நாள். தொப்புளைச் சுற்றிப் பதினான்கு ஊசி என்று பயப்படாதே. இப்போது கையில்தான் போடுகிறார்கள், ஐந்து.

பிக்கட்டி பூத்திலிருந்து உன் கம்பெனிக்கு மூன்று தடவை போன் செய்தேன். "ஷிப்டுல இருக்கற ஆளக் கூப்படறதில்லீங்க" என்று வாட்ச்மேன் வைத்துவிடுகிறார். உயிர்ப் பிரச்சினை என்றேன். "எல்லாரும் அதத்தானுங்க சொல்றாங்க" என்றார்.

நாளை சாம்பல் புதன், தவக்காலம் தொடங்குகிறது. கோவிலுக்குப் போய்விட்டு வியாழக்கிழமை கிளம்பி நானே வருகிறேன்.

அக்கா

*

திருப்பூர்
17.2.2002

அக்காவுக்கு,

வெள்ளிக்கெழம கம்பெனி கேட்டுக்கிட்ட நின்னது நீதான்னு தெரியும். பச்சை ஸ்வெட்டர். திருப்பூர் வெயில்ல ஸ்வெட்டரு போட்டுட்டு நிக்கறது மலைக்காரங்க மட்டுந்தான். "ஏன்டா ஜினோ, உங்கூர்ல இருந்து பனி வந்து நிக்குதுடா"ன்னு செக்கிங் பொண்ணுக எல்லாம் ஒரே சிரிப்பு. நான் பின் கேட்டு வழியாப் போயிட்டேன். சாயங்காலம் வரைக்கும் நின்னியாமா. உன்ன ஆரு நிக்கச் சொன்னது?

நல்லாக் கத கட்டற. மொதல்ல உருண்டையால சாகலன்ன. இப்ப வெறிநாயிங்கற. நான் ஆஸ்பத்திரிக்குப் போயி ஊசி போட்டா என்ன அர்த்தம்? பீமனுக்கு வெறி புடிச்சுதுன்னு நானே ஒத்துக்கிட்டதா அர்த்தம். அப்பறம் உன்ற உருண்டைக்குப் பழி இல்ல. நோட்டு சுத்தம். திட்டம் நடக்கும். நல்லா இருக்குது.

சின்னான மறந்துட்டியா? எனக்கு எட்டு வயசு. எஸ்டேட்டுல நாயி பெருத்துப்போச்சுன்னு ஸ்டோர்ல இருந்து உருண்ட குடுத்தாங்க. கறிக்குள்ள வெச மருந்து வெச்சது. ஸ்டோர் கிளார்க்கு ஆரு? நம்ம அப்பா. சின்னான் வாசல்ல கெடந்து இழுத்துக்கிட்டுச் செத்தப்ப அப்பா என்ன சொன்னாரு? "பாம்பு கடிச்சிருக்கும்டா." பத்து வருசம் நானும் பாம்புன்னே நம்பிக்கிட்டு இருந்தேன். அன்னிக்கு அவரு குடுத்தாரு, இன்னிக்கு நீ வெக்கற. நம்ம ஊட்டுத் தொழிலே உருண்டதான்.

லீவு கேட்டா வேற ஆளப் போட்டுருவாங்க. கீறலு ஆறி வடு கூடச் சரியாத் தெரியல. உடு.

ஜினோ

*

கோடைமேடு
20.2.2002

அன்புள்ள ஜினோ,

இந்தக் கடிதத்தை நடந்துகொண்டே எழுதுகிறேன் என்று சொன்னால் நம்புவாயா? இரண்டு வரி எழுதுவேன், எழுந்து வாசல்வரை போவேன், திரும்பி வருவேன். படிக்கவும் முடியவில்லை. எஸ்டேட் கிளப்பை மூடியபோது அப்பா மூட்டையாகக் கட்டி எடுத்துவந்தாரே, அந்தப் புத்தகங்களில் ஒன்றைத் திறந்தால் ஒரே பக்கத்தில் அரைமணி நேரம் நிற்கிறேன்.

திங்கட்கிழமை பட்டப்பகலில், நாலாம் நம்பர் காட்டிலிருந்து ஒரு நரி நேராக ஆறுக்குட்டி அண்ணன்மேல் வந்தது. நரி மனிதனைப் பார்த்து ஓடும். இது மனிதனைப் பார்த்து வந்தது. அவர் கவாத்துக் கத்தியால் தடுத்திருக்கிறார். உடம்பில் ஒன்றும் படவில்லை. அடித்துப் போட்டார்கள். டாக்டர் கையுறை போட்டுக்கொண்டு அதன் தலையை ஐஸ் பெட்டியில் வைத்துச் சோதனைக்கு அனுப்பினார். இன்று காலையில் முடிவு வந்தது. வெறிநோய்தான்.

ஆக நோய் இங்கே இருக்கிறது. நாங்கள் உருண்டை வைக்க ஆரம்பித்ததற்கு முன்பிருந்தே இருந்திருக்கிறது. பீமன் கேரட் காட்டில் இரவெல்லாம் எதை எதைத் துரத்தினானோ, எது அவனைக் கடித்ததோ.

முடிவைக் கேட்டதும் மூக்கம்மாக்கா பிடுங்கிய குச்சிகளை அவரே கட்டிக்கொண்டு வந்து போட்டார். "உன்ற விருந்த நடத்தும்மா" என்றார். இந்த எஸ்டேட்டில் எனக்குக் கெட்ட பெயர் தீர்ந்தது. நான் எவ்வளவு சந்தோஷப்பட்டிருக்க வேண்டும்! ஆனால் அந்த நிமிஷத்தில் எனக்குத் தோன்றியது வேறு. பீமனை என் உருண்டையே கொன்றிருக்கக்கூடாதா என்று இருந்தது. அது உண்மையாக இருந்தால் உனக்கு ஒன்றும் இல்லை. நான் சொன்னது உண்மையாக ஆக ஆக உன் விரல்தான் என் கண்முன் வருகிறது.

உன் கடிதத்தை அப்பாவிடம் காட்டக்கூடாது என்று நினைத்தேன். காட்டினேன். சின்னானைப் பற்றிய பத்திவரை படித்தார். பிறகு, "மேலதிகாரி சொன்னாரு, நான் எடுத்துக் குடுத்தேன். நம்ம நாயக் கட்டிப்போட மறந்துட்டேன். அத எப்படிம்மா ஒரு கொழந்தகிட்டச் சொல்றது?" என்றார். என்னிடம் சொல்கிறாரா உன்னிடமா என்று தெரியவில்லை. தவக்காலம் முடியும்வரை பீடி இல்லை என்று சொல்லிவிட்டார். நீ ஊசி போட்டுக்கொண்டால்தான் அதற்குப் பிறகும் தொடுவாராம்.

ஒரு கேள்விக்காவது பதில் எழுது. பீமனை எங்கே புதைத்தாய்? எவ்வளவு ஆழத்தில்? நரி தோண்டிவிடாமல் சுண்ணாம்பும் கல்லும் போட வேண்டும் என்கிறார் டாக்டர். ஆனால் அதற்காகக் காத்திருக்காதே. முதலில் ஊசி. இன்று முப்பத்தைந்தாம் நாள்.

அக்கா

*

திருப்பூர்
24.2.2002

அக்காவுக்கு,

எடம் சொல்ல மாட்டேன். அவன் எங்கயோ நிம்மதியாக் கெடக்கட்டும். தோண்டித் தலைய வெட்டி ஐஸ் பொட்டியில வெப்பீங்க.

நாள எண்ணி எண்ணி எழுதாத. எனக்கும் எண்ணத் தெரியும்.

நான் நல்லாத்தான் இருக்கறேன். தெனமும் எந்திரிச்சதும் மொத வேலையா ஒரு சொம்புத் தண்ணி குடிச்சுப் பாத்துக்கறேன். எறங்குது. இன்னிக்கும் எறங்குச்சு. போதுமா?

அப்பாவ பீடி குடிக்கச் சொல்லு.

ஜினோ

*

கோடைமேடு எஸ்டேட்,
பிக்கட்டி அஞ்சல்.
27.2.2002

ஜினோவுக்கு,

நீ சொன்னதுதான் சரி.

நாற்பத்தோராம் குச்சி நம் வீட்டுப் பின்பக்கம், பீமன் தினமும் போகிற வழியில் இருந்தது. ஜனவரி பதினோராம் தேதி காலையில் அங்கே உருண்டை இல்லை. பனி விழுந்து சாம்பல் இறுகிப்போய், தடம் பாதி அழிந்திருந்தது. தங்கவேலு அண்ணன் குனிந்து பார்த்து, "நாயி மாதிரி இருக்குது, பிலோமி" என்றார். நான் சரியாகக் குனியக்கூட இல்லை. "நரி" என்று எழுதினேன். நரிகள் தின்கின்றன என்று காட்டினால்தான் திட்டம் அடுத்த வருடமும் ஓடும்; திட்டம் ஓடினால்தான் எனக்கு வேலை. அந்த ஒரு சொல்லை எழுத எனக்கு ஒரு நொடிகூட ஆகவில்லை. நோட்டில் இல்லை, நோட்டில் இல்லை என்று உனக்கு எழுதியவளும் நானேதான்.

அதைத் தின்றது பீமன். பீமனைக் கொன்றது என் உருண்டை. மஸ்டர் கொட்டகை முன்னால் நீ சொன்னது அத்தனையும் உண்மை. அடியில் முழுப் பெயரும் வேலையும் போட்டுக் கையெழுத்திட்டிருக்கிறேன். இதை நீ யாரிடம் வேண்டுமானாலும் காட்டலாம். பஞ்சாயத்தில் கொடு. பத்திரிகைக்காரர்களிடம் கொடு. டாக்டரிடமே கொடு. நான் மறுக்க மாட்டேன்.

இப்போது என் பக்கத்தைக் கேள். உன் கதைப்படியே கேள்.

அந்த உறைக்குள் இருப்பது வெறிநோய்க் கிருமிதான். வீரியத்தைக் குறைத்தது, ஆனால் உயிருள்ளது. நாங்கள் கையுறை இல்லாமல் பெட்டியைத் திறப்பதே இல்லை. பெட்டிக்குள் வருகிற சீட்டு ஒன்றை இதோடு வைத்திருக்கிறேன். மூன்றாவது வரியைப் பார். உறை உடைந்து மருந்து யாருடைய காயத்திலாவது பட்டால் உடனே கழுவி, வெறிநோய்த் தடுப்பூசி போட்டுக்கொள்ள வேண்டும். இது நான் எழுதியது இல்லை, அச்சடித்தது. உருண்டை பீமன் தொண்டையில் அடைத்திருந்தது. நீ அதைத் தேடிக் கையை விட்டாய். விரலில் கீறல். ஆகவே நீ ஊசி போட்டுக்கொள்ள வேண்டும். பீமனுக்கு வெறி பிடித்ததற்காக இல்லை. உன் அக்கா கவனமில்லாமல் வைத்ததற்காக.

ஊசி போடும்போது, எதற்கு என்று கேட்பார்கள். என் பெயரைச் சொல். அந்தச் சீட்டைக் காட்டு. அப்படிப் போட்டுக்கொண்டால் நீ எதையும் ஒத்துக்கொண்டதாக ஆகாது. ஒத்துக்கொண்டவள் நான்தான்.

வேறு எதுவும் கேட்கவில்லை. புதைத்த இடத்தைக்கூடக் கேட்கவில்லை.

கொ. பிலோமி,
களப் பதிவாளர், வனவிலங்கு வெறிநோய்த் தடுப்புச் சோதனைத் திட்டம்

*

திருப்பூர்
6.3.2002

அக்காவுக்கு,

சனிக்கெழம மொத ஊசி. நேத்து ரெண்டாவது. கையிலதான் போட்டாங்க. மொத நாளு அந்த வெரல்லயும் வடுவச் சுத்தி வேற ஒரு மருந்து ஏத்துனாங்க. நர்ஸம்மா முன்னாலயே கண்ணுல தண்ணி வந்துபோச்சு. சூப்பர்வைசருகிட்டச் சொன்னேன். மொறச்சாரு, அப்பறம் "போய்த் தொலை, நாயி கடிச்சவன டேபிள்ல வெச்சுக்கிட்டு நான் என்ன பண்றது"ன்னு அனுப்பிட்டாரு. வேலை போகல.

உன்ற கடுதாசியும் சீட்டும் பாக்கெட்டுல வெச்சுட்டுத்தான் போனேன். காட்டலாம்னுதான் போனேன். ஆஸ்பத்திரிச் சீட்டு எழுதற நர்ஸம்மா கேட்டாங்க.

"எந்த நாயி?"

"எங்க நாயிங்க."

"எப்பக் கடிச்சுது?"

"கடிக்கலீங்க. நாந்தான் வாயிக்குள்ள கைய உட்டேன்."

அவங்க பேனாவ வெச்சுட்டு என்னயப் பாத்தாங்க. "ஏனுங்க தம்பி, நாயி வாயிக்குள்ள என்ன தேடுனீங்க?"

பாக்கெட்டுக்குள்ள போன கைய அப்படியே வெளிய எடுத்துட்டேன் அக்கா. வரிசையில பின்னால பத்துப் பேரு நிக்கறாங்க. "சரி, நீங்க உக்காருங்க"ன்னு அவங்களே என்னமோ எழுதிக்கிட்டாங்க.

உங்கிட்டச் சொல்றேன். தொண்டையில ஒண்ணும் இல்ல. உருண்டையும் இல்ல, எலும்பும் இல்ல. முழுசா உள்ள வரைக்கும் வெரல உட்டுப் பாத்தேன். வெறுந்தொண்ட. அன்னிக்கே எனக்குத் தெரியும். ஒண்ணும் இல்லாம ஒரு நாயி ஏன் முழுங்காதுன்னும் தெரியும். எஸ்டேட் லைன் வீட்டுல வளந்தவனுக்கு அது தெரியாதா? ஆனா அதச் சொன்னா அடுத்தது என்ற வெரலப் பத்திச் சொல்லோணும். கொட்டாயி முன்னால உன்னயக் கை காட்டுனப்ப எனக்குக் கோவம் இல்ல. பயம். உருண்டைதான்னு சத்தமாச் சொன்னா உருண்டைதான்னு ஆயிரும்னு இருந்துச்சு. சொம்புத் தண்ணி தெனமும் குடிச்சேன்னு எழுதுனேனே, ஒரு நாளைக்கு எட்டுத் தடவ குடிச்சேன். அத எழுதல.

நீயும் பொய்தான் எழுதியிருக்கற. உன்ற உருண்ட ஒரு நாயியும் கொல்லாதுன்னு உனக்குத் தெரியும். அதத் தெரிஞ்சுக்கிட்டே பேரு போட்டுக் கையெழுத்தும் போட்டிருக்கற. இத எவனாச்சும் பாத்தா உன்ற வேலை என்ன ஆகும்? கடுதாசிய இதுக்குள்ள மடிச்சு வெச்சிருக்கறேன். ஆருக்கும் காட்டல. கிழிக்கறதுன்னா நீயே கிழி.

நாப்பத்தொண்ணு மட்டும் நெஜமான்னு தெரியல. நெஜமா இருந்தா ஒண்ணு கேக்கறேன். அது பீமன் தின்னதா இருந்து, ஒரு மாசம் முந்தியே வெச்சிருந்தா, அவன் பொழச்சிருப்பானோ? இல்ல, நான் அவன அந்தத் தட்டுக்கடியில கட்டி வெக்காம இருந்திருந்தா? வாயக் கட்டுனப்ப என்னயப் பாத்துக்கிட்டே படுத்திருந்தான், சத்தம் போடாம. பதில் எழுத வேண்டாம்.

பழைய பம்பு ஹவுசுக்கு மேல மூணு சில்வர் ஓக்கு ஒண்ணா நிக்குது பாரு, அதுல நடு மரத்துக்குக் கீழ. ரெண்டடிதான் தோண்டுனேன், அப்பறம் பாறை. அந்த வழியாத்தான் நரி தண்ணிக்கு எறங்குது. காவலுக்குப் போறப்ப எத்தனையோ நாளு பாத்திருக்கறேன். உங்க அறுபது குச்சியில அந்த எடத்துக்கு ஒண்ணும் இல்ல. அங்கயும் ஒரு உருண்ட வெய்யி.

அஞ்சாவது ஊசி முப்பதாந் தேதி, பெரிய சனி. ஈஸ்டருக்கு ஊட்டுக்கு வர்றேன். அத குன்னூர்லயே போட்டுக்கறேன். அப்பாகிட்டச் சின்னானப் பத்தி நான் ஒண்ணும் கேக்க மாட்டேன். அவரே சொன்னா சொல்லட்டும்.

தம்பி
ஜினோ

*

கோடைமேடு
12.3.2002

அன்புள்ள தம்பிக்கு,

மூன்றாவது ஊசி போன சனிக்கிழமை. போட்டாயா? போட்டேன் என்று ஒரு வரி, கார்டில் எழுதினால்கூடப் போதும். அது வரும்வரை நான் வாசலுக்கும் அடுப்படிக்கும் நடந்துகொண்டுதான் இருப்பேன். ஐந்தும் முடிந்தாலும் இன்னும் கொஞ்ச நாள் நடப்பேன் என்று நினைக்கிறேன். உன்னிடம் மறைப்பானேன்.

கடிதத்தைக் கிழிக்கவில்லை. அதில் பாதி உண்மை என்பதால் டாக்டரிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். நாற்பத்தொன்றில் "நரி" என்பதை அவர் முன்னாலேயே அடித்துவிட்டு, "தெரியவில்லை" என்று எழுதினேன். அவர் திட்டவில்லை. கடிதத்தை மடித்துத் திருப்பிக் கொடுத்து, "மிச்சம் ஐம்பத்தொன்பதையும் தங்கவேலுவோட உட்கார்ந்து பார்த்துடுங்க" என்றார். பார்த்தோம். இன்னும் நான்கு "தெரியவில்லை" ஆயின. அடுத்த வருடம் திட்டம் உண்டா என்று தெரியாது.

ஞாயிற்றுக்கிழமை இரண்டு மூட்டைச் சுண்ணாம்போடு பம்பு ஹவுசுக்கு ஏறினோம். ஒரு மூலையில் மண்ணைப் பிராண்டிய அடையாளம் இருந்தது. புதிதுதான், உள்ளே போகவில்லை. சுண்ணாம்பு கொட்டி மூடினோம். ஓடையிலிருந்து கல் எடுத்துவந்தது அப்பா. வேண்டாம் என்று தங்கவேலு அண்ணன் சொல்லியும் கேட்கவில்லை. "எங்க பையனோட நாயிங்க" என்று ஒவ்வொரு கல்லாகத் தூக்கிவந்தார். கடைசிக் கல்லை வைத்துவிட்டு, சின்னானை எங்கே புதைத்தோம் என்று என்னைக் கேட்டார். எனக்கு நினைவில்லை. உனக்கு இருக்கும் என்றேன். "வரட்டும்" என்றார்.

நேற்று சாயங்காலம் அங்கே புதுக் குச்சி நட்டேன். எண் அறுபத்தொன்று. சாம்பல் நம் அடுப்பிலிருந்து. சலித்துக் கொடுத்ததும் அப்பாதான். காலையில் போனபோது உருண்டை இல்லை. உறை மட்டும் கடிபட்டு, காலியாகக் கிடந்தது. சாம்பலில் தடம் இருந்தது. தரையில் முழங்காலிட்டு, முகம் சாம்பலில் படுகிற அளவுக்குக் குனிந்து பார்த்தேன். பிறகு ஒன்றும் சொல்லாமல் எழுந்து தங்கவேலு அண்ணனைப் பார்க்கச் சொன்னேன். அவர் சொன்ன பிறகுதான் நோட்டைத் திறந்தேன்.

நரி.

அக்கா